அப்பா சொல்லித் தராத கறுப்பு

கேள்வி: தேநீர்க் கிண்ணத்துக்குப் பேர்போன ஜப்பானின் ராக்கு குடும்பத்தில் 16-வது தலைமுறை பொறுப்புக்கு வந்துவிட்டதாமே. குடும்ப ரகசியம் கையில் இருக்கும்போது பிள்ளைக்கு என்ன சிரமம்?

பதில்: ரகசியம் என்று ஒன்று கையில் இருந்தால்தானே! கியோட்டோவில் இருக்கும் அந்த வீட்டில் கிளேஸ், அதாவது கிண்ணத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு, அதன் கலவையை அப்பா பிள்ளைக்குச் சொல்லித் தருவதில்லை. 2019-ல் பட்டத்துக்கு வந்த 16-வது கிச்சிசாயெமோனும் (குடும்பத் தலைவர்கள் வழிவழியாக ஏற்கும் பெயர் அது) தன் கிண்ணத்தின் கறுப்பு நிறத்தைத் தானே தேடிப் பிடிக்க வேண்டியவர்தான்.

அது லேசில் வராது. சக்கரம் கிடையாது. மண்ணை வட்டமாகத் தட்டி, ஓரங்களை உள்ளங்கையால் மேலே எழுப்பி, சற்று உலர்ந்ததும் கத்தியால் சீவுவார்கள். காமோ ஆற்றுக் கருங்கல்லை இடித்துச் செய்த கிளேஸைப் பூசுவதும் உலர்த்துவதுமாகப் பல தடவை. பிறகு கரி போட்ட சின்னச் சூளையில் ஒவ்வொரு கிண்ணமாக வைத்து, துருத்தி ஊதி, சுமார் 1,200 டிகிரி செல்சியஸுக்கு ஏற்ற வேண்டும். கிளேஸ் உருகிப் பளபளக்கும் நேரம் பார்த்து இடுக்கியால் வெளியே இழுப்பார்கள். சட்டென்று குளிர்வதால்தான் கறுப்பு. சூளைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் பழுப்பாகிவிடும். முந்தினால் கிளேஸ் வேகாது, பிந்தினால் வழிந்து அடிக்கு இறங்கிவிடும். இடுக்கி பிடித்த தழும்பு கிண்ணத்திலேயே நிற்கும். அந்த நேரத்தை எந்த அப்பா எழுதிக் கொடுக்க முடியும்?

கொடுப்பது மண்ணை. முன்னோர் தேடிச் சேர்த்து வைத்த மண்ணைப் பேரன் எடுத்துப் பிசைகிறான். அவன் சேர்ப்பது இன்னும் பிறக்காதவர்களுக்கு. பரம்பரை என்று நான் மதிப்பது இதை. ரத்தத்தை அல்ல: 5, 6, 11-வது தலைமுறைக்காரர்கள் மூவருமே தத்துப்பிள்ளைகள். 15-வது கிச்சிசாயெமோன் டோக்கியோவில் சிற்பம் படித்தவர். 1981-ல் பொறுப்பேற்றபின் கிண்ணத்தின் பக்கங்களை முரட்டுத்தனமாகச் செதுக்கினார். 'குடும்பப் பாணியைக் கெடுத்தார்' என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் தலைமுறையான சோஜிரோவே 16-ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக, அதுவரை யாரும் செய்யாத கிண்ணத்தைச் செய்தவர்தான்.

முன்பும் சொன்னதை மறுபடி சொல்கிறேன். இங்கே சில பயிற்சிப் பட்டறைகளில், சூளையிலிருந்து எடுத்த தகிக்கும் பானையை மரத்தூளில் போட்டு மூடிப் புகையூட்டி, செம்பு மினுமினுப்பு வந்ததும் 'ஜப்பானிய ராக்கு' என்கிறார்கள். அது 1960-களில் அமெரிக்காவில் மண்பாண்டக் கலைஞர் பால் சோல்ட்னர் வளர்த்த முறை. அழகான முறை, அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். அதில் கிளேஸ் மயிரிழையாக வெடித்திருக்கும், செம்பும் கசியலாம். எதையும் ஊற்றிக் குடிக்காதீர்கள்.

கியோட்டோக் கிண்ணமோ குடிப்பதற்கே ஆனது. நுண்துளை மண் என்பதால் சூடு கைக்கு மெதுவாகத்தான் வரும். தேநீர் ஊற்றுமுன் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள், இல்லையென்றால் கறை துளைகளுக்குள் ஏறிவிடும். கழுவியபின் பல நாள் காற்றாட உலர்த்திவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூசணம் பூத்து நாறும்.