வேட்டையில் கிடைத்த கல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேட்டைக்குப் போனவர்கள் காட்டில் எதிர்பாராமல் கண்டவற்றைப் பற்றிச் சமீபமாக நிறையப் படித்து வருகிறேன். உறைந்த மாமத யானை, மனித உடல், பெயர் தெரியாத விலங்கின் காலடி என்று எத்தனையோ. இவற்றில் எது உண்மை, எது கதை? உங்களை மிகவும் வியக்க வைத்தது எது? கொல்லப்போன ஒருவரைக் கண்டுபிடிப்பாளர் என்று கொண்டாடுவது சரியா?

வெளிநாட்டில் உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகும் என் மைத்துனருக்குச் சென்ற பருவத்தில் ஓர் ஓடைக்கரையில் கல் அம்புமுனை ஒன்று கிடைத்தது. சோப்புப் போட்டுக் கழுவி, வார்னிஷ் அடித்து, பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்விகளைவிடக் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிகள்தான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தன. சோப்பு, வார்னிஷ், பிரேம். நல்லவேளை, துளை போட்டுக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டவில்லை. உங்கள் மைத்துனர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவர் ஆசைப்பட்டிருக்கிறார். பார்த்துச் சிலிர்த்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் மீதுதான் கோபம். அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பெயர் தெரியாத காலடிகளை விட்டுவிடுங்கள். கரடி நடக்கும்போது முன்காலின் தடத்தின் மேல் பின்கால் பாதி விழுந்தால் நீளமான மனிதப் பாதம் போலவே தெரியும். வெயிலில் பனி உருகினால் அதே தடம் இன்னும் அகலும். கொண்டாடலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம். கண்ணை மட்டும் மதியுங்கள். வேட்டைக்காரர் பாதையை விட்டு விலகி, மெதுவாக, காற்றுக்கு எதிராக, தரையைப் பார்த்தபடி நடப்பவர். அங்கே இருக்கக் கூடாத ஒன்று முதலில் படுவது அவர் கண்ணில்தான். ஸ்பெயினின் அல்தாமிரா குகையின் வாயை 1868இல் பார்த்தவர் நாயைத் தேடிப்போன ஒரு வேட்டைக்காரர். உள்ளே இருந்த ஓவியங்கள் மிகப் பழையவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ள 1902 வரை ஆயிற்று.

என்னை மிகவும் வியக்க வைத்தது ஒரு செங்கால் நாரை. 1822இல் ஜெர்மனியின் வடக்கே, க்ளூட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுடப்பட்டது. அதன் கழுத்தில் சுமார் 80 செ.மீ. நீளமுள்ள ஈட்டி ஒன்று குத்தியபடியே இருந்தது. மத்திய ஆப்பிரிக்காவில் செய்த ஈட்டி. அங்கே யாரோ எறிந்து, பறவை சாகாமல், ஈட்டியோடு கடலைத் தாண்டி வந்திருக்கிறது. குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன என்பதற்கு அன்றைய ஐரோப்பாவில் ஆளுக்கொரு கதை இருந்தது. நீருக்கடியில் உறங்குகின்றன என்றும், வேறு பறவையாக மாறிவிடுகின்றன என்றும் நம்பியவர்கள் உண்டு. அந்தக் கதைகளுக்கெல்லாம் இந்த ஒரு நாரை கண்கூடான பதில். இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் ஈட்டியோடு நிற்கிறது.

ஈட்டியோடு என்று சொன்னேன், கவனித்தீர்களா? ஈட்டியை உருவி எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு நாரையைக் கறியாக்கியிருந்தால் மிஞ்சுவது ஒரு வேடிக்கையான குச்சி. ஈட்டி தனியாக ஒன்றும் சொல்லாது, நாரையும் தனியாக ஒன்றும் சொல்லாது.

உங்கள் மைத்துனருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. நியூ மெக்ஸிகோவில் ஃபோல்சம் என்ற ஊர். 1908இல் வந்த பெருவெள்ளம் ஓர் ஓடையை ஆழமாக அரித்துவிட்டது. அடிமையாகப் பிறந்து பிறகு மாட்டுப் பண்ணை ஒன்றை மேற்பார்த்துவந்த ஜார்ஜ் மெக்ஜங்கின் அரித்த கரையில் எலும்புகளைப் பார்த்தார். தான் அறிந்த பைசன் என்ற காட்டெருமையின் எலும்புகளைவிடப் பெரியவை, புதைந்திருந்த ஆழமும் மிக அதிகம். இது பழையது என்று அவருக்கு உடனே தெரிந்தது. பலரிடம் சொன்னார். யாரும் வந்து பார்க்காமலே 1922இல் இறந்துபோனார். டென்வர் நகர அருங்காட்சியகம் தோண்ட வந்தது 1926இல். மறைந்துபோன இனத்து பைசனின் எலும்புகளோடு, மனிதன் செய்த கல்முனைகளும் கிடைத்தன. ஆனால் தோண்டும்போது இடம் பெயர்ந்து, உதிரியாகக் கிடைத்தன. எலும்பும் முனையும் ஒரே காலத்தவை என்று அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர்கள் மறுத்தது நியாயம்தான். மேல் மண்ணிலிருந்து உருண்டு விழுந்திருக்கலாம், எலி வளை வழியாக இறங்கியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு கவனமாகத் தோண்டினார்கள். ஆகஸ்ட் 1927இல் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, மண்ணோடு மண்ணாக ஒரு முனை தெரிந்தது. தொடவில்லை. வேலையை நிறுத்திவிட்டுத் தந்தி கொடுத்தார்கள். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், கிடந்தபடியே இருந்தது. பனியுகத்தின் முடிவில், இன்றைய கணக்கில் 12,000 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் மனிதன் இருந்தான் என்ற வழக்கு அங்கே முடிந்தது. 1926இன் முனையும் 1927இன் முனையும் ஒரே வகைக் கைவேலை. ஒன்று கையில் இருந்தது, மற்றொன்று கிடந்த இடத்தில் இருந்தது.

இன்னும் விளங்கவில்லை என்றால் வேறு வழியில் சொல்கிறேன். கல்லின் வயதைக் கல்லை வைத்துக் கரிமக் கணிப்பால் அளக்க முடியாது. அது கிடந்த அடுக்கில் இருக்கும் கரித்துண்டு, எலும்பு, விதை இவற்றைத்தான் அளப்பார்கள். முனையைத் தூக்கி வந்த கணமே அந்த அடுக்கோடு அதற்கிருந்த உறவு அறுந்துவிடும். கல்லில் ஒட்டியிருப்பது வேறு கதை. தண்டில் பொருத்தப் பூசிய பிசின், இரத்தத்தின் புரதம், கிழங்கு வெட்டியிருந்தால் மாவுத்துகள். அந்தத் தடயங்களைச் சோப்பு கழுவிவிடும். விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் அது தோலைச் சுரண்டியதா, மரத்தைச் செதுக்கியதா, எறிந்து எலும்பில் மோதியதா என்று தேய்மானம் சொல்லும். வார்னிஷ் அந்தத் தேய்மானத்தின் மேல் படலமாகப் படிந்து நிற்கும். சோப்பும் வார்னிஷும் சேர்ந்து உங்கள் மைத்துனர் எதை அழித்தார் என்று இப்போது புரிகிறதா?

அவர் அடுத்த பருவமும் போவார். அதனால் எழுதுகிறேன். கண்ணில் பட்டதும் கை நீட்டக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தொடுவானமும் ஒரு பாறையோ மரமோ தெரியும்படி முதலில் ஒரு தூரப் படம். பிறகு இரண்டு மூன்று மீட்டரிலிருந்து ஒன்று. பிறகு நேர் மேலிருந்து கிட்டத்தில், பக்கத்தில் அளவுக்கு ஒரு பொருள் வைத்து ஒன்று. அளவுக்குக் கத்தியை வைக்கலாம், வீடு வந்ததும் அதன் நீளத்தை அளந்து எழுதிவிட வேண்டும். படம் அழகாக வர வேண்டும் என்று புல்லைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புல்லின் வேரோடு மேல்மண்ணும் போய்விடும்.

பிறகு இடக்குறிப்பு. ஜிபிஎஸ்ஸைத் திறந்ததும் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ஓரிரு நிமிடம் அசையாமல் பிடித்தால் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் ஆரத்துக்குள் வரும், மரங்களுக்கடியில் இன்னும் விலகும். பாகைக்குப் பின் ஐந்து தசம இலக்கமாவது எழுத வேண்டும். இரண்டோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பரவுகிறது, அதை வைத்துக்கொண்டு தேடப் போகிறவர் உங்களைத் திட்டுவார். கரையின் மேல்விளிம்பிலிருந்து எத்தனை சாண் கீழே, எந்த நிற மண்ணில், பக்கத்தில் எலும்போ கரியோ இருந்ததா என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். பிறகு அப்படியே விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்ல வேண்டும்.

வெள்ளமோ வெயிலோ அன்றைக்கே அழித்துவிடும் என்றால் மட்டும் எடுக்கலாம். மரம், தோல், இறகு, நரம்பு இவற்றுக்கு ஒரே விதி. ஈரமாக இருந்தது ஈரமாகவே, உறைந்தது உறைந்தபடியே, காய்ந்தது காய்ந்தபடியே வர வேண்டும். நீரில் ஊறிய பழைய மரத்தில் செல்சுவர்கள் மக்கிப்போயிருக்கும், வடிவத்தைத் தாங்கி நிற்பதே உள்ளிருக்கும் நீர்தான். அது ஆவியானால் மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், மீண்டும் ஊறவைத்தாலும் பழைய வடிவம் வராது. விறைப்பான பலகையை அடியில் செருகித் தூக்கி, உறைந்திருந்தால் பனியோடு சேர்த்துச் சுற்றி, நிழலில் கொண்டுவர வேண்டும். வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்கக் கூடாது.

இப்படி நடந்துகொண்டவர்களும் உண்டு. 1997இல் கனடாவின் யூகான் பகுதியில் மலையாடு வேட்டைக்குப் போன ஓர் உயிரியலாளரும் மனைவியும் பனித்திட்டு ஒன்றில் கரிபூ மானின் புழுக்கை கறுப்புப் பட்டையாகக் கிடப்பதைக் கண்டார்கள். பல பதிற்றாண்டுகளாக கரிபூவே இல்லாத மலை அது. எல்லோரும் தாண்டிப்போகும் புழுக்கைக்காக அவர்கள் நின்றார்கள். கோடையில் பூச்சித் தொல்லைக்கு பயந்து கரிபூக்கள் பனியில் ஏறி நிற்கும், அவற்றைத் தேடி வேடர்கள் வந்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த எறி ஈட்டித் தண்டுத் துண்டு நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

இரண்டு ஆண்டு கழித்து, ஆகஸ்ட் 1999இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று மலையாட்டு வேட்டைக்காரர்கள் மரமே முளைக்காத உயரத்தில் ஒரு மரத்துண்டைப் பார்த்தார்கள். அதைத் தொடர்ந்து போனால் உருகும் பனியாற்றின் ஓரத்தில் ஓர் இளைஞனின் உடல், தரை அணில் தோல்களைத் தைத்த போர்வை, வேரால் முடைந்த தொப்பி. உடலை அசைக்காமல், அடையாளத்துக்குச் சில பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி, உரியவர்களிடம் சொன்னார்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவன் அவன். கடற்கரையிலிருந்து மலையேறி வந்தவன் என்பதை வயிற்றில் இருந்த உணவே காட்டியது. மரபணுச் சோதனையில் அந்தப் பகுதியின் தொல்குடிகளில் உயிரோடிருக்கும் 17 உறவினர் தெரியவந்தனர். அவனுடைய மக்களே உடலைப் பெற்று 2001இல் எரியூட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்துக்கு அஜந்தாவுக்குப் போகலாம். 1819 ஏப்ரல் 28 அன்று புலி வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற குதிரைப்படை அதிகாரி பத்தாம் குகைக்குள் நுழைந்தார். அக்கம்பக்கத்து மக்களுக்குத் தெரிந்த குகைதான் அது. ஓவியம் தீட்டிய தூணில் தன் பெயரையும் தேதியையும் கீறிவைத்தார். தரையில் அப்போது மண்மேடு ஏறியிருந்ததால் அந்தக் கீறல் இன்று தலைக்கு மேலே தெரிகிறது. உங்கள் மைத்துனர் பிரேமுக்குக் கீழே பெயர் பொறித்த பித்தளைத் தகடு வைத்திருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஆபத்தானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவருக்கும் காட்டுங்கள். துருப்பிடித்த உருளையோ சிறகு வைத்த இரும்போ பழைய போர்க்களங்களில் கிடந்தால் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், வந்த காலடித் தடத்திலேயே திரும்ப வேண்டும், பக்கத்தில் நின்று போன் பேசக் கூடாது. மனித எலும்பு என்று தோன்றினால் தொடாமல் காவல்துறையிடம் சொல்ல வேண்டும். தோலுரித்த கரடியின் பாதம் மனிதக் கைபோலவே இருக்கும், ஆனாலும் அதைத் தீர்மானிப்பது அவர் வேலை அல்ல. தானாகச் செத்த விலங்கின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் கத்தி வைக்கவே கூடாது. அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பதிற்றாண்டுகள் கிடக்கும். 2016இல் சைபீரியாவின் யமாலில் பரவியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துருவ மான்கள் செத்தன, ஒரு சிறுவனும் இறந்தான். உறைமண் உருகி வெளிவந்த பழைய கிருமிதான் காரணம் என்று கருதப்படுகிறது. புல்லுக்குள் அசையாமல் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டி அநாதை அல்ல. தாய் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். இரக்கப்பட்டுத் தூக்கி வருகிறவர்கள்தான் அதை அநாதையாக்குகிறார்கள்.

இனி அந்தக் கல்லுக்கு. இன்றிரவே அவரைக் கூப்பிடுங்கள். எந்த ஓடை, எந்தக் கரை, வளைவுக்கு முன்னா பின்னா, நீரிலா மண்ணிலா, என்ன தேதி என்று நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிப் பிரேமின் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். அன்று போனில் எடுத்த படங்களில் இடக்குறிப்பு பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கல்லைப் படம் எடுக்கவில்லை என்றாலும் மானைக் கட்டாயம் எடுத்திருப்பார். அந்த ஊரில் கண்டெடுத்த பொருளை எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் விசாரிக்கட்டும், பொது நிலமாக இருந்தால் பல நாடுகளில் அது குற்றம். பிறகு அருங்காட்சியகத்துக்குத் தாளையும் கல்லையும் சேர்த்தே கொண்டுபோகட்டும்.

வார்னிஷை அசிட்டோன் விட்டுத் துடைத்துவிட்டுக் கொண்டுபோகலாமா என்று நீங்கள் அடுத்து எழுதுவீர்கள். கூடாது. துடைத்தால், சோப்புக்குத் தப்பி இடுக்கில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சப் பிசினும் அதோடு கரைந்து வந்துவிடும்.

அன்புடன்.