ஸ்ட்ராஸைக் கெடுத்தாரா டியோடாட்டோ?

வணக்கம் சார். யூமிர் டியோடாட்டோவின் 'ப்ரெலூட்' ஆல்பத்தை நீங்கள் பாராட்டி எழுதியதைப் பார்த்து அதன் முதல் பாடலைக் கேட்டேன். ஐந்து நிமிடம்தான். ஜெர்மன் இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'ஜராதுஸ்த்ரா'வை டிஸ்கோவாக்கி வைத்திருக்கிறார். மேதைகளை இப்படிக் கெடுக்கலாமா? நல்ல ஹெட்போனில் கேட்டால் பிடிக்குமோ?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக என் அறையில் இந்த ஆல்பம்தான் ஓடுகிறது. அதனால் உடனே பதில்.

டிஸ்கோ என்கிறீர்கள். இது 1972 செப்டம்பரில், நியூஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவானது. டிஸ்கோ அலை கிளம்பியது அதற்கப்புறம். திட்டுவதற்கு முன் ஆண்டையாவது பார்க்கக் கூடாதா? ஸ்ட்ராஸைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த இசை பிறந்த 1896-லிருந்து எத்தனையோ பார்த்துவிட்டார்.

நீங்கள் கேட்டது ரேடியோவுக்காக வெட்டிய சிங்கிள். ஆல்பத்தில் அது ஏறக்குறைய ஒன்பது நிமிடம். வெட்டுப்பட்ட இடங்களில்தான் டியோடாட்டோ இருக்கிறார்.

டியோடாட்டோ இதில் வாசிப்பது ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ. அப்படி ஒன்றை மூடி கழற்றிய நிலையில் ஒரு ரிப்பேர் கடையில் பார்த்திருக்கிறேன். உள்ளே தந்தியே கிடையாது. குட்டிச் சுத்தியல் போய் மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டுகிறது, எதிரே இருக்கும் பிக்கப் அந்த அதிர்வைப் பிடிக்கிறது. அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது வெறும் டிங் டிங். ஆம்ப்ளிஃபயர் போட்டு மெதுவாகத் தொட்டால் மணி, ஓங்கி அடித்தால் உறுமல். டியோடாட்டோ இரண்டையும் அளந்து வாசிக்கிறார். சின்னச் சின்னத் துண்டுகளாக வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அந்த இடைவெளியில் பில்லி காபமின் டிரம்ஸும் ஆயிர்ட்டோ மொரைராவின் தாளக் கருவிகளும் புகுந்து விளையாடுகின்றன. பிறகு ஜான் ட்ரோபியாவின் கிதாருக்கு மேடையையே கொடுத்துவிடுகிறார். இத்தனைக்கும் ஆல்பம் டியோடாட்டோ பெயரில்தான் இருக்கிறது!

பிரேசிலின் ரியோவில் பிறந்த இந்த மனிதர் அடிப்படையில் ஓர் அரேஞ்சர், அதாவது எந்தக் கருவி எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று வகுப்பவர். பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் 'ஸ்டோன் ஃப்ளவர்' ஆல்பத்துக்கு அரேஞ்ச் செய்தவர். பின்னால் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் பாடல்களுக்கு வயலின்களை அடுக்கியவரும் இவர்தான். யார் எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிவதுதான் இவர்கள் தொழில். நம் காதுக்கோ வேகமாக விரலோட்டுபவன்தான் வித்வான். சும்மா இருந்தவனுக்கு யார் கைதட்டினோம்? எனக்குத் தீராத கோபம் இது. உங்கள் மேல் கொட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதே ஆல்பத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியும் இருக்கிறார். அதையும் கேளுங்கள். ஹெட்போனைப் பற்றி மட்டும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் வேண்டாம்.