மருத்துவக் கப்பலில் மிஷனரி ஊழியம் செய்யும் கணவன் மனைவியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் தம் தங்கையும் அவருடைய கணவரும் மருத்துவக் கப்பலொன்றில் ஊழியத்துக்குச் செல்ல யோசிப்பதாகச் சொல்லி, அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும், சம்பளம் உண்டா, மதப் பிரசங்கம்தான் வேலையா என்று வினவியிருக்கிறார். நான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பெரியகல்லாற்றைச் சேர்ந்த தாதி. என் கணவர் கல்முனைக்காரர். சரக்குக் கப்பல்களில் மின்னியலாளராக இருந்தவர். கப்பல்களில் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்யும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான மேர்சி ஷிப்ஸின் குளோபல் மேர்சி கப்பல் மேற்கு ஆபிரிக்காவில், சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்தில் நின்ற காலத்தில் நாங்கள் இருவரும் அதில் பணியாற்றியதால், அறிந்ததைச் சொல்கிறேன்.

கப்பல் என்றதும் ஊர் ஊராகக் கடலில் திரியும் வாழ்க்கையையே எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் சபையிலும் பலர் லோகோஸ், டூலோஸ் என்னும் புத்தகக் கப்பல்களோடு இதைக் குழப்பிக்கொண்டார்கள். 1968 இல் கொழும்புக்கு வந்த அமெரிக்க மருத்துவக் கப்பலான ஹோப்பை நினைவுகூர்ந்த முதியவர்களும் இருந்தார்கள். ஆனால் அது மிஷனரிக் கப்பல் அன்று. குளோபல் மேர்சி 174 மீற்றர் நீளமும் பன்னிரண்டு தளங்களும் ஆறு சத்திரசிகிச்சைக் கூடங்களும் இருநூறு கட்டில்களும் கொண்ட ஒரு வைத்தியசாலை. ஆண்டில் ஏறத்தாழப் பத்து மாதம் ஒரே துறைமுகத்தில் கட்டியபடி நிற்கும்; பிறகு வைத்தியசாலைப் பொருட்களையெல்லாம் அசையாமல் கட்டிவைத்துவிட்டுப் பராமரிப்புக்காகக் கனரித் தீவுகளின் பக்கம் போகும். ஆகவே உங்கள் தங்கைக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்பதைவிட, கடமைமுறை மாறி மாறி வரும் வைத்தியசாலைக்குள்ளேயே குடியிருப்பது ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

என் நாள் காலைக் கடமையோடு தொடங்கும். கபினிலிருந்து வார்டுக்குப் படிகளில் இறங்கிப் போனால் போதும் என்பது முதல் வாரத்தில் பெரிய சுகமாகத் தெரிந்தது. பின்னர்தான், கடமை முடிந்தாலும் நாம் வைத்தியசாலையை விட்டு வெளியேறுவதில்லை என்பது உறைத்தது. இரவுக் கடமைத் தாதியிடம் விபரங்களைப் பெற்றுக்கொண்டு, விரும்புகிறவர்கள் சேர்ந்து சிறிதாக ஜெபித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். வளைந்த கால்களை நிமிர்த்திய பிள்ளைகள், முகத்திலும் தாடையிலும் பெரிய கட்டிகள் வளர்ந்தவர்கள், தீக்காயத்தால் கையோ கழுத்தோ ஒட்டிப்போனவர்கள், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகள் என்று வார்டுக்கு வார்டு நோய்கள் வேறுபடும். நோயாளர்களோடு வரும் உறவினருக்குத் தனிக்கட்டில் கிடையாது. நோயாளியின் கட்டிலுக்குக் கீழேயே மெத்தை விரித்துப் படுப்பார்கள். இரவில் மருந்து கொடுக்கப் போகும்போது டோர்ச்சைத் தரையை நோக்கி அடித்து, கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கும் தாயின் கையை மிதிக்காமல் கால் வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பகலிலோ இரண்டு கால்களிலும் பிளாஸ்டர் போட்ட பிள்ளைகள் நடைசட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். வழிவிட வேண்டியது நாங்கள்தான்.

என் கணவரின் நாள் ஒரு நோயாளியையும் பார்க்காமலே கழிந்துவிடும். மின்பிறப்பாக்கி, குளிரூட்டி, மின்பலகை இவற்றுக்குள்ளேதான் அவருடைய ஊழியம். சத்திரசிகிச்சை நடக்கும்போது மின்சாரம் தடைப்படக்கூடாது என்பதே அவர்களுடைய தலையாய கவலை. கப்பலில் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் வைத்தியரோ தாதியோ அல்லர். சமையலறை, சலவை, பாடசாலை, கணக்கு, இயந்திர அறை என்று பல இடங்களில் இருப்பவர்கள். அவருடைய பணியும் என் பணியும் ஒருமுறை நேரடியாகச் சந்தித்தன. கப்பலில் இரத்தத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பதில்லை. முன்கூட்டிப் பரிசோதித்துப் பெயர் பதிந்த ஊழியர்களே இரத்த வங்கி. தாடைக் கட்டி அகற்றும் சத்திரசிகிச்சை ஒன்றுக்கு அவருடைய வகை இரத்தம் தேவைப்பட, கையில் படிந்த எண்ணெயைக் கழுவிவிட்டு வந்து கொடுத்துவிட்டு, ஒரு பிஸ்கட்டும் பழச்சாறும் குடித்துத் திரும்பிப் போனார். அன்று மாலை உணவுக்கூடத்தில் அவர் என்னிடம் கேட்டது நோயாளியைப் பற்றியல்ல, மீன் குழம்பில் ஏன் இவ்வளவு உறைப்புக் குறைவு என்பதைத்தான். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன கொச்சிக்காய்த் தூளுக்குக் கப்பலின் நேபாளக் காவலர்களிடம் இருந்த மதிப்பு வேறெதற்கும் இருக்கவில்லை.

தம்பதியாக வாழ்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். திருமணமானவர்களுக்குத் தனிக் கபின் கிடைக்கும், ஆனால் அது சிறியது. நான் இரவுக் கடமை முடித்து உறங்கும் நேரத்தில் அவர் ஏதாவது எடுக்க வந்தால், இருட்டில் தடவித்தான் எடுக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் சில வாரங்களில் ஒருவரையொருவர் ஆறுதலாகப் பார்ப்பது அரிது. கோபித்துக்கொண்டால் போக இடமும் இல்லை: ஊரில் என்றால் அவர் சந்திக் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவார், நான் அம்மா வீட்டுக்குப் போவேன், கப்பலில் உணவுக்கூடத்துக்குப் போனால், முகத்தைப் பார்த்தவுடனே நலமா என்று கேட்க நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் அன்பாகக் கேட்கிறார்கள் என்பதே அதைத் தாங்க முடியாததாக்கிவிடும். இதையெல்லாம் முன்பே பேசி வைத்துக்கொள்ளாத தம்பதிக்கு நான் இந்த வாழ்க்கையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சம்பளம் எங்களுக்கு இல்லை. விமானச்சீட்டு, காப்புறுதி, கைச்செலவு எல்லாவற்றையும் சேமிப்பிலிருந்தும் சபையாரின் காணிக்கையிலிருந்தும்தான் பார்த்தோம். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இடமளிக்கப்பட்டபோது, என்னோடு வேலை செய்தவர்கள் உழைப்பதற்காகப் புறப்பட்டார்கள். நாங்களோ டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதைத் தாண்டிய பிறகு, ரூபாவில் காணிக்கை சேர்த்துக்கொண்டிருந்தோம். ஊரெல்லாம் காசு கொண்டுவரப் போகும்போது நீங்கள் காசு கொண்டுபோகிறீர்களா என்று மாமி கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. என் அம்மாவை ஆறுதல்படுத்த வந்த போதகர் ஐயா, 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் கதையை எடுத்தார். ஓல்ட்டின் மனைவி வரும் வழியிலேயே கப்பலில் இறந்தார்; ஓல்ட்டும் இங்கே ஓராண்டு நிறைவதற்கு முன், 1815 இல் காலமானார். அம்மா அதன்பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிரசங்கம் பற்றி: சுனாமிக்குப் பிறகு உதவியோடு மதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் எங்கள் கரையோரத்தில் எவ்வளவு கசப்பை வளர்த்தது என்பதைக் கண்டவள் நான், அதனால் இதில் கவனமாகவே இருந்தேன். சியரா லியோனில் முஸ்லிம்களே பெரும்பான்மை. சிகிச்சை இலவசம், மதம் பார்த்து எவரையும் சேர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டில் ஆராதனை நடக்கும். விரும்பியவர் வருவார், மற்றவர் கட்டிலிலேயே இருப்பார். என் வார்டில் தொழுகை நேரத்தில் இடம் ஒதுக்கித் தருமாறு கேட்ட பெண்மணிக்கு மூலையிலிருந்த கதிரைகளை நாங்களே நகர்த்திக் கொடுத்தோம்.

எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது நோயாளர் தெரிவுதான். கப்பலில் செய்யக்கூடிய சத்திரசிகிச்சைகளுக்கு எல்லை உண்டு. கப்பல் புறப்படுவதற்கு முன் ஆறாது எனத் தெரிந்த நோயைத் தொடங்கவும் முடியாது. நெடுந்தூரம் வந்தவரிடம் முடியாது என்று சொல்லும் மேசையில் நின்ற நாட்களில், நான் கபினுக்கு வந்து பேசாமல் படுத்துவிடுவேன். அந்த நாட்களில் என் கணவர் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார், பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவார்.

உங்கள் தங்கைக்கு ஒரு நடைமுறை யோசனை: இருவருக்கும் தனித்தனியே பணியிடம் கிடைக்க வேண்டும், எனவே இருவரும் தத்தம் தொழிலைக் காட்டி விண்ணப்பிக்கட்டும். கணவர் மருத்துவத் துறையில் இல்லையென்றால் அதைத் தடையாக நினைக்க வேண்டாம். சமையலோ மின்வேலையோ தச்சுவேலையோ தெரிந்தவருக்கு அங்கே எப்போதும் வேலை உண்டு. அன்றாட ஆங்கிலம் அவசியம். வயது முதிர்ந்த பெற்றோரை யார் பார்ப்பது என்பதையும் ஊர்க்கடனையும் தீர்த்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் அவற்றைத் தீர்க்க முடியாது.