இறக்கிய ஃபைல் ஏன் பாதியில் நிற்கிறது, பெயர் ஏன் மாறுகிறது?

கேள்வி: லேப்டாப்பில் இடம் இல்லாததால் 6 ஜிபி வீடியோ ஒன்றை நேராகப் பென்டிரைவிலேயே இறக்குகிறேன். மூன்று முறையும் பாதிக்கு மேல் போய் நின்றுவிட்டது. பென்டிரைவில் 20 ஜிபி காலி இருக்கிறது, நெட்டும் நன்றாக இருக்கிறது.

பதில்: ஒவ்வொரு முறையும் 4 ஜிபியை ஒட்டித்தான் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் எவ்வளவு காலி இருந்தாலும் ஒரே ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, தமிழில் பெயர் வைத்த பிடிஎஃப்களை இறக்கினால் பெயருக்குப் பதில் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக முழ நீளத்துக்கு வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து நேராகப் போகாது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறி, கூட இரண்டு எழுத்து என்று 3 இடம் பிடிக்கும். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறி. ஆக 15 பைட், முகவரியில் 45 எழுத்து! பிரௌசர் பெரும்பாலும் இதைத் திரும்பத் தமிழாக்கிவிடும். சர்வர் ஃபைலோடு அனுப்பும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற குறிப்பில் பெயரைத் தவறான வடிவில் கொடுத்தால்தான் இந்தக் கோலம். அந்தக் குறிப்பில் யுடிஎஃப்-8 பெயருக்கென்றே நட்சத்திரக் குறி போட்ட தனி வடிவம் உண்டு. தளத்தை நடத்துபவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவர் ஒரு தடவை திருத்தினால் அங்கே இறக்கும் அத்தனை பேருக்கும் சரியாகும். இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிட வேண்டாம்.

ஆனால் ரொம்ப நீளமாக வைக்காதீர்கள். லினக்ஸில் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழில் அது 85 குறிதான்.

கேள்வி: பெயரில் இருந்த கேள்விக்குறி அடிக்கோடாகிவிட்டதே?

பதில்: விண்டோஸ் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி எதையும் ஏற்காது. அதனால் பிரௌசரே மாற்றிவிடுகிறது.

கேள்வி: ஜேபிஜி படங்கள் ஜேஎஃப்ஐஎஃப் என்று இறங்குகின்றன.

பதில்: இரண்டும் ஒரே படம்தான். எக்ஸ்டென்ஷனை ஜேபிஜி என்று திருத்தினால் திறக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஜேபெக் (ஜேபிஜி) வகைக்கு ஜேஎஃப்ஐஎஃப் என்று பதிவாகியிருப்பதுதான் காரணம்.

கேள்வி: சார், 300 பக்கப் புத்தகம், பிடிஎஃப். இறங்கி முடிந்தது என்கிறது, ஆனால் திறக்கவில்லை. அளவு 14 கேபி.

பதில்: 300 பக்கம் 14 கேபியில் அடங்காது. நோட்பேடில் திறந்து முதல் வரியைச் சொல்லுங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் தொடக்கத்தில் இருக்கும்.

கேள்வி: பார்த்தேன் சார். எச்டிஎம்எல் என்று தொடங்குகிறது, நடுவில் லாகின் என்று வருகிறது.

பதில்: எச்டிஎம்எல் என்றால் இணையப் பக்கம். அப்போது உங்களுக்கு வந்தது புத்தகம் இல்லை, தளத்தின் நுழைவுப் பக்கம். லாகின் காலாவதியாகியிருக்கிறது. மறுபடி உள்ளே நுழைந்து அதே பிரௌசரில் இறக்குங்கள்.

கேள்வி: 97 சதவீதத்தில் நெட்வொர்க் எரர். மறுபடி சொடுக்கினால் முதலிலிருந்து போகிறது.

பதில்: லிங்க்கைச் சொடுக்காதீர்கள். டவுன்லோட் பட்டியலில் ‘ரெஸ்யூம்’ இருக்கிறதா பாருங்கள். குரோமில் சிஆர்டவுன்லோட், ஃபயர்ஃபாக்ஸில் பார்ட் என்று முடியும் அரைகுறை ஃபைலை அழித்துவிடாதீர்கள், அதிலிருந்துதான் தொடர முடியும். விட்ட இடத்திலிருந்து அனுப்ப சர்வரும் சம்மதிக்க வேண்டும். சில லிங்க்குகள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் செல்லாது. அப்படியானால் ரெஸ்யூம் செய்தாலும் பலிக்காது, புது லிங்க் எடுத்து முதலிலிருந்துதான் இறக்க வேண்டும்.