வாசகர் கேள்விகள்: நடைபாதையும் சைக்கிளும்

கேள்வி: சிங்கப்பூர் ஜூரோங்கில் விடுதியில் தங்கி, பழைய சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். போன வாரம் ஒருவர் நிறுத்தி, "இது நடப்பவர்களுக்கு மட்டும், இறங்கு" என்றார். இங்கே நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: உங்களுக்குச் சொன்னவர்களும் சரி, உங்களை நிறுத்தியவரும் சரி, தம்பி. சாதாரண நடைபாதையில் சைக்கிள் ஓட்ட இன்றும் அனுமதி உண்டு. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் மெல்ல ஓடினால் அவரை நீங்கள் முந்தக்கூடாது, அவ்வளவு நிதானம். ஆனால் நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஒட்டி ஒட்டிப் போகும் இடங்களில், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறியிட்ட பக்கத்தில் 2025 ஜூலை 1 முதல் சைக்கிளுக்கு இடமில்லை. மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், சிறையும் கிடைக்கலாம். அதனால் தரையைப் பாருங்கள். சைக்கிள் படம் போட்ட பாதைதான் உங்களுடையது. அங்கே 25 கிலோமீட்டர் வரை போகலாம். பூங்கா இணைப்புப் பாதையிலும் அதே வரம்புதான். ஆனால் அங்கே குழந்தைகளும் நடப்பார்கள், வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு போகும் தம்பிகளைத் தினமும் பார்க்கிறேன். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது சட்டப்படியே குற்றம். கைபிரேக் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். சாலையைக் கடக்கும் முன் நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். பையைப் பின்சீட்டில் கட்டிக்கொள்ளுங்கள். ஊரில் உங்களை எதிர்பார்த்து ஒரு வீடே இருக்கிறது.

கேள்வி: எனக்கு 68 வயது, முழங்கால் வலி. தெம்பனிசில் காலையில் நடக்கப் போனால் பின்னால் மணி அடித்ததும் பதறிப்போகிறேன். நான்தான் ஒதுங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. நடைபாதையில் முதல் உரிமை நடப்பவருக்குத்தான். வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டியது ஓட்டுபவர். மணி கேட்டதும் சட்டென்று பக்கவாட்டில் நகராதீர்கள். எந்தப் பக்கம் நகர்வீர்கள் என்று அவருக்குத் தெரியாது. போன திசையிலேயே நேராகப் போங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரியும். 2019இல் எங்கள் புளோக்கின் கீழே என் அம்மாவை ஒரு மின்ஸ்கூட்டர் இடித்துத் தள்ளியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓட்டிவந்த பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா வலது கையில் கட்டோடு, இடது கையால் வெங்காயம் நறுக்கப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். நவம்பர் 5இல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. உணவு விநியோகம் செய்து பிழைத்தவர்களுக்கு அது பெரிய அடி என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தடை சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

யாராவது இடித்துவிட்டால், ஓட்டியவர் நின்று உதவி செய்து, தன் விவரத்தைத் தர வேண்டும் என்பது சட்டம். பேசாமல் போய்விட்டால் நேரம், இடம், உடையின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள். அடி பட்டிருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், புகார் அப்புறம். சின்ன வீக்கம்தான் என்று அம்மா இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், எலும்பு முறிவு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.