ஆய்வாளர்கள் தங்களுக்கு வேண்டிய தகவலை எங்கே தேடுகிறார்கள்? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் ஒன்றே போதாதா?

உங்கள் வழிகாட்டி "எல்லாம் ஸ்காலரில் கிடைக்கும், போய்த் தேடு" என்று அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. கேள்வியைப் படித்தால் அப்படித்தான் படுகிறது. ஆனால் எந்தத் துறை என்று நீங்கள் சொல்லவே இல்லையே. அது தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

என் தம்பி இயற்பியல்காரன். காலையில் காப்பி குடிக்கும் முன்பே ஆர்க்கைவ் தளத்தில் புதிதாக ஏறிய கட்டுரைகளைப் பார்த்துவிடுவான். 1991இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கியது. இதழில் வரும்வரை காத்திருக்காமல் கட்டுரையை அங்கே போட்டுவிடுகிறார்கள். காசில்லாமல் யாரும் படிக்கலாம். கணிதத்தில் நெடுநாள் தீராமல் கிடந்த புவான்கரே கணிப்புக்கான நிறுவலை ரஷ்யக் கணிதவியலாளர் பெரெல்மான் 2002இல் அங்கேதான் போடத் தொடங்கினார், இதழ் எதற்கும் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், கட்டுரை ஏறிய தேதி ஊருக்கே தெரியும். யார் முதலில் சொன்னது என்ற சண்டைக்குப் பெரும்பாலும் இடமில்லை.

மருத்துவத்துக்கு பப்மெட், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம். அதைப் பற்றி டாக்டர்கள் யாராவது எழுதட்டும்.

தாவரவியல் நண்பர் ஒருவர் குற்றால மலையில் வேலை செய்கிறார். அவருக்குப் பழைய நூல் எதுவும் பழசாவதில்லை. ஒரு செடியைப் புதிய இனம் என்று சொல்ல, செடிகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் எழுதியதிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இந்தப் பக்கம் சேகரித்துப் போன செடிகள் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த படத்தில் பூவின் உட்பக்கம் தெரியாதபோது, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கும் கோயம்புத்தூர் ஹெர்பேரியத்தில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டுகிறார்.

நான் வரலாறு. ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் எங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற பழைய கதைக்கு மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். தேதியெல்லாம் கொல்லம் ஆண்டில் இருக்கும். 1092 என்றால் நமக்கு 1916-17. இதெல்லாம் ஸ்காலரில் எப்படி வரும், சொல்லுங்கள்?

குளம் என்பதால் நான் நிலவரிப் பட்டியலையே தேடிக்கொண்டிருந்தேன். அங்கே கோப்புக் கட்டு எடுத்துத் தரும் சேச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மோனே, குளம் அல்லே? மராமத்தில் நோக்கணும்" என்றார். அப்போது நீர்ப்பாசனம் மராமத்து இலாகாவின் கையில் இருந்தது. அவர் சொன்ன கட்டில்தான் நான் தேடியது இருந்தது. குடியானவர்களின் மனு தமிழில், அதன் கீழே மலையாளத்தில் குறிப்பு, ஓரத்தில் ஆங்கிலத்தில் உத்தரவு. ஓரத்தைத் தொட்டால் பொடிகிற காகிதம். எங்கள் துறையில் தகவல் ஆள் மூலமாகத்தான் வருகிறது. அந்த சேச்சி ஓய்வு பெற்றுவிட்டால் அந்த அறிவும் வீட்டுக்குப் போய்விடும்.

அதைப் பகிர்வதும் ஆள் மூலமாகத்தான். கருத்தரங்கில் டீ இடைவேளையில் பேசுவோம், வாட்ஸாப்பில் படம் அனுப்புவோம். அப்படித்தான் நான் படியெடுத்து வைத்திருந்ததை மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார், கொடுத்தேன். அவர் கட்டுரை வந்தது. என் பெயர் எங்கும் இல்லை. பொதுக் கோப்புதானே, யாரும் பார்க்கலாமே என்று இங்கே சிலர் வருவார்கள். பார்க்கலாம், தாராளமாக. ஆனால் அந்த மனுக்களில் எண்ணே கிடையாது. என் வசதிக்காக நான் போட்ட எண்கள் அவருடைய அடிக்குறிப்பில் வரிசை மாறாமல் நிற்கின்றன. அசலைப் பார்த்தவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது? தம்பியின் துறையாக இருந்தால் தேதியைக் காட்டி வாயடைத்திருப்பேன். எனக்கு எதைக் காட்டுவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 6,000 கோடி ரூபாய்த் திட்டம், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசே சந்தா கட்டிப் படிக்கக் கொடுக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் தொடங்கியபோது கொடுத்தது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். என்னைப் போல சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள் ஆராய்ச்சியே செய்வதில்லையா? எங்களுக்கு மே மாதச் சம்பளமும் கிடையாது. அதை யாரிடம் சொல்ல?

சரி, உங்கள் விஷயம். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவிலிருந்து தொடங்குங்கள். வரலாறு என்றால் ஸ்காலரில் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, அவர்களுடைய அடிக்குறிப்பில் இருக்கும் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே காப்பகத்துக்குப் போங்கள். பழைய ஆங்கிலப் பதிவுகளில் எங்கள் ஊரை 'ஷென்கோட்டா' (Shencottah) என்று தேட வேண்டும். செங்கோட்டைப் பக்கத்துக் குளங்கள்தான் உங்கள் தலைப்பு என்றால் மராமத்துக் கோப்பு எண்கள் என்னிடம் இருக்கின்றன, கேளுங்கள், தருகிறேன். எடுத்து எழுதும்போது என் பெயரை அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்.