சித்திரை வந்தாலே எரிச்சல், அடைமழையில் சோர்வு: இது மனநோயா?

கேள்வி: எனக்கு வயது 42. மேலூர் பக்கம் கிராமம். இரண்டு மூன்று வருடமாகச் சித்திரை பிறந்தாலே பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ராத்திரி தூக்கமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் சுருண்டு படுத்துவிடுகிறேன். "வெயிலும் மழையும் எல்லாருக்கும்தானே" என்கிறார் கணவர். இது மனநோயா டாக்டர்?

பதில்: வெயில் எல்லாருக்கும்தான், ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரி படுத்தாது. உங்கள் கஷ்டம் நிஜம். கணவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வை 1984-லேயே மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். வெளிச்சம் குறையும் குளிர்நாடுகளில் அது அதிகம். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. மதுரையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அதனால் இங்கே யார் இப்படிச் சொன்னாலும் நான் முதலில் விசாரிப்பது தூக்கத்தைத்தான்.

நல்ல தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் தணிய வேண்டும். உங்கள் வீடு தார்சு வீடா? இரவு 11 மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், பகல் வெயில் அப்படியே உள்ளே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. இப்படி நாலைந்து நாள் தூக்கம் கெட்டாலே யாருக்கும் பொறுமை போய்விடும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது பெரும்பாலும் அந்தத் தூக்கமின்மையால்தான். பொழுது சாய்ந்ததும் மாடியில் தண்ணீர் தெளியுங்கள். அடுப்பு வேலையை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். படுக்கும் முன் குளியல், வெளிக்காற்று உள்ளே வரும்படி ஜன்னலோரம் ஒரு டேபிள் ஃபேன். மதியம் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டாம், சாயங்காலக் காபியையும் விடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரோ மோரோ குடியுங்கள்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்குவதுதான் ஆளைச் சாய்க்கிறது. மூட்டம் போட்ட வானம்கூட டியூப் லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம். மழை விடும் நேரத்தில், காலையாக இருந்தால் நல்லது, அரை மணி நேரம் வெளியே நடங்கள். துணைக்கு ஒரு ஆள் இருந்தால் பேச்சும் ஆச்சு.

அப்புறம், இந்த வயதில் இதையெல்லாம் பருவத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதவிலக்கு முறை மாறியிருக்கிறதா, திடீரென உடம்பு சூடாகி வியர்க்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருடங்களிலும் தூக்கமும் மனநிலையும் இப்படி ஆடும்.

மனநோய்க்கு ஏற்கெனவே லித்தியம் மாத்திரை சாப்பிடும் வாசகர்களுக்கும் ஒன்று: கோடையில் உடம்பில் நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி, பேதி, கை நடுக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தவற்றில்கூட ஆசை விட்டுப்போனால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் நன்றாகவே கேட்கும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூக்கமே இல்லாமலும் களைப்பு தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுமீறினால், அதற்கும் தாமதிக்காமல் அங்கே போகலாம். உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், கணவரிடம் உடனே சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிக்கு 14416 இலவச எண், நடு ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.